தமிழ் இலக்கியத்தையும் இசையையும் ஒரே சமயத்தில் கல்லூரியில் படிக்க முடியுமா?

ப்ளஸ் டூ முடித்த மகளுக்குத் தமிழ் இலக்கியமும் வேண்டும், பாட்டும் வேண்டும். ஒன்றை விடச் சொல்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். நான் இரண்டையும் படித்தவள்.

பகலில் நாகர்கோவிலில் பி.ஏ. தமிழ், சாயங்காலம் வடிவீஸ்வரத்தில் ஒரு டீச்சர் வீட்டில் வாய்ப்பாட்டு. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை நடத்தியபோது, சுரங்களின் பெயர் வரும் இடத்தை எங்கள் ஆசிரியர் "இது பரீட்சைக்கு வராது" என்று தாண்டிவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. அன்று சாயங்காலமே புத்தகத்தைப் பாட்டு டீச்சரிடம் கொண்டுபோனேன்.

அந்தக் கதை இது: குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. ஏதோ கேடு வரப்போகிறது என்று பயந்து, ஆயர்குல மூதாட்டி மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்திக் குரவை ஆட வைக்கிறாள். ஆளுக்கொரு சுரத்தின் பெயர்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரல்தான் மாயவன், அதாவது கண்ணன். இளி, அவன் அண்ணன் பலதேவன். துத்தம், கண்ணனின் காதலி நப்பின்னை. மாயவனுக்கு ஒரு பக்கம் பின்னை, மறுபக்கம் தாரம். பலதேவனுக்கு இரு பக்கமும் உழையும் விளரியும். பின்னையை ஒட்டிக் கைக்கிளை.

டீச்சர் தம்புராவை எடுத்தார். "மக்ளே, குரலை ச-ன்னு வச்சுப் பாடிப் பாரு" என்றார். ச-வுக்கு ஒரு பக்கம் ரி, மறுபக்கம் நி. ப-வுக்கு இருபுறமும் ம, த. வட்டத்தைச் சுற்றி வந்தால் ச ரி க ம ப த நி! தம்புராவில் ஓயாமல் ஒலிப்பதும் ச-வும் ப-வும்தானே, தம்பியும் அண்ணனும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தமிழ் வகுப்பில் மட்டும் இருந்திருந்தால் அது ஏழு பெயர். பாட்டு வகுப்பில் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பெண்களை எனக்குத் தெரிந்தே இருக்காது.

இனி நடைமுறைக்கு வருவோம். 2022-இலிருந்து இரண்டு பட்டப்படிப்பை ஒரே சமயத்தில் படிக்க யு.ஜி.சி. அனுமதிக்கிறது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக்கூடாது. இல்லையென்றால் ஒன்றைத் தொலைநிலைக் கல்வியில் படிக்கலாம். சேரப்போகிற பல்கலைக்கழகங்கள் இதை ஏற்கின்றனவா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் இசையை நேரிலும் தமிழைத் தொலைநிலையிலும் படிக்கட்டும். சுருதி விலகினால் எதிரே உட்கார்ந்து திருத்த ஆள் வேண்டும். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரையைவிடத் திருவனந்தபுரம் பக்கம். 1939-இல் தொடங்கிய சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. வாசிப்புக்கு, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடியார்க்குநல்லாரின் பழைய உரையோடு நிதானமாகப் படிக்கட்டும். அதன் பிறகு பழந்தமிழ் இசையை ஆராயும் விபுலாநந்தரின் யாழ்நூல், 1947-இல் வந்தது.

சேர்க்கைக்கு இன்னும் நாள் இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அந்த ஏழு பேரையும் ஒரு தாளில் வட்டமாக எழுதி, மகளை இன்றைக்கே பாடச் சொல்லுங்கள்.