கொழும்பு மலைநாட்டில் இருந்தால்

அன்பின் அண்ணாவுக்கு,

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். தனிநிலைக் கணித வகுப்பில், ‘கொழும்பு மலைநாட்டில் இருந்தால் 2 + 2 = 5’ என்ற எடுப்பு (கூற்று) உண்மை என்று விரிவுரையாளர் எழுதினார். இரண்டு பொய்கள் சேர்ந்து எப்படி ஓர் உண்மையாகும்? உண்மை அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டேன். மனம்தான் ஒப்பவில்லை.

– மாணவி, வெள்ளவத்தை

அன்பின் தங்கைக்கு,

மனம் ஒப்பாமல் மனப்பாடம் செய்தது பரீட்சை மண்டபத்தோடு போய்விடும். விடாமல் கேட்டது நல்லது. ‘இப்படி இருந்தால் அப்படி’ என்ற எடுப்பு எப்போது உண்மை என்பதற்கு, உங்கள் அட்டவணையில் உள்ள இதே வரைவிலக்கணத்தைப் பண்டைய கிரேக்கத் தர்க்கவியலாளர் பைலோ சொன்னபோது, அவருடைய ஆசிரியர் டயடோரஸே அதை ஏற்கவில்லை.

கொழும்பைச் சற்று விடுங்கள். ‘ஓர் எண் 4 ஆல் வகுபட்டால் அது 2 ஆலும் வகுபடும்.’ எந்த முழு எண்ணுக்கும் இது உண்மை என்று தயங்காமல் சொல்வீர்கள். எந்த எண்ணுக்கும் என்றால் 8, 6, 5 மூன்றுக்கும்தான். 8 ஐ வைத்தால் முற்கூறும் (‘வகுபட்டால்’ வரையான முதற்பகுதி) பிற்கூறும் (அதன் பின் வரும் பகுதி) உண்மை. 6 ஐ வைத்தால் முற்கூறு பொய், பிற்கூறு உண்மை. 5 ஐ வைத்தால் இரண்டுமே பொய். இரு பகுதிகளும் உண்மை, பொய் ஆகும் எல்லா வகைகளையும் வரிசை வரிசையாக எழுதும் உண்மை அட்டவணையில், உங்களை உறுத்தும் வரிசை இதுதான்! அங்கே ‘பொய்’ என்று எழுதினால், 5 இந்த விதியை மீறுகிறது என்றாகிவிடும். 5 எதையும் மீறவில்லையே. மீறுவதற்கு 4 ஆல் வகுபட்டும் 2 ஆல் வகுபடாத எண் ஒன்று வேண்டும். முற்கூறு உண்மையாகவும் பிற்கூறு பொய்யாகவும் உள்ள அந்த ஒரு வரிசையில் மட்டுமே எடுப்பு பொய்யாகிறது.

உங்கள் மனம் முரண்டுவது மலைக்கும் கூட்டலுக்கும் தொடர்பே இல்லாததால். பேச்சில் நாம் காரணத்தை எதிர்பார்க்கிறோம். எடுப்புத் தர்க்கம் உண்மைப் பெறுமானத்தை, அதாவது ஒவ்வொரு பகுதியும் உண்மையா பொய்யா என்பதை, மட்டும் பார்க்கிறது. இதைக் குறை என்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். இந்தக் கண்டிப்பினால்தான் எவ்வளவு நீண்ட கூட்டு எடுப்பையும் அட்டவணை போட்டே தீர்க்க முடிகிறது. தத்துவஞானி விட்கன்ஸ்டைனும் கணிதவியலாளர் எமில் போஸ்டும் 1921 இல் தனித்தனியே வெளியிட்ட எழுத்துகளில் இம்முறை தெளிவாக வந்துவிட்டது.

எடுப்பு உண்மை என்பதால் 2 + 2 = 5 ஆகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். பிற்கூறைப் பெற முற்கூறும் உண்மையாக இருக்க வேண்டும். கொழும்போ கடற்கரையில் இருக்கிறது.

மறுதலையில் மட்டும் கவனம். ‘2 ஆல் வகுபட்டால் 4 ஆலும் வகுபடும்’ என்று திருப்பினால் 6 அதைப் பொய்யாக்கிவிடும். ஆனால் ‘2 ஆல் வகுபடாவிட்டால் 4 ஆலும் வகுபடாது’ என்பதற்கு அதே மூன்று எண்களை வைத்து அட்டவணை போடுங்கள். மூல எடுப்போடு வரிக்கு வரி ஒத்துவரும்.