வீட்டில் பஃப் பேஸ்ட்ரி வைத்து மீன் பை (pie, மாவுக்குள் பூரணம் வைத்துச் சுடுவது) செய்தால் அடிப்பக்கம் வேகாமல் நமுத்துப் போகிறது. மீனோடு பால் சேர்க்கவும் வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக முடியவில்லை. நீங்கள் கேட்ட இரண்டுமே எங்கள் வீட்டில் ஒரே நாளில் நடந்தவை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பேக்கிங் படித்தவள் இல்லை. சென்னையில் வாடகை வீட்டில், 30 லிட்டர் ஓடிஜி (மேசை மேல் வைக்கும் மின்சார ஓவன்) வைத்துச் செய்கிறவள். உங்களிடமும் அந்த மாதிரி ஒன்றுதான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பேஸ்ட்ரி ஷீட்டையும் கடையில்தான் வாங்குகிறேன். 'மாவை நாமே மடித்துச் செய்வதுதான் உண்மையான பஃப்' என்று யாராவது சொல்ல வரலாம். நம் ஊர் மே மாத அடுப்பங்கரையில் வெண்ணெயை வைத்து ஆறு முறை மடித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். அடுப்பங்கரைச் சூடே அதைத் தாண்டும்.

மூன்று வருடம் முன்பு என் தங்கையின் பிறந்தநாளுக்கு இந்தப் பையை முதல் தடவை செய்தேன். அவள் வேலை விஷயமாக இங்கிலாந்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்திருந்தாள். அங்கே வழக்கமான மீன் பைக்கு மேலே மசித்த உருளைக்கிழங்குதான் போடுவார்கள், அதுவும் எனக்குத் தெரியும். பஃப் பேஸ்ட்ரி மூடி போட்டும் செய்வதுண்டு. அவளுக்குப் பிடித்தது அது. மீனைப் பாலில் வேகவைத்து, அந்தப் பாலிலேயே வெள்ளை சாஸ் செய்ய வேண்டும்.

வஞ்சிரத்தை வழக்கம்போல உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கழுவினேன். சரியாக அலசவில்லை. பாலில் போட்டு அடுப்பில் வைத்த ஐந்தாவது நிமிடம் பால் திரிந்துவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த அம்மா முகம் மாறிவிட்டது. "பாரு, பாலே வேண்டாம்னு சொல்லுது" என்றாள்.

அம்மா அதை ஏன் சொன்னாள் என்று சொன்னால்தான் புரியும். தங்கைக்குப் பதினோரு வயதில் முழங்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அடுத்த வருடம் கண்ணோரத்தில். ஊரிலிருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, நடுக்கூடத்தில் உட்கார்ந்து அம்மாவைக் கேட்டார்: "மீன் குழம்பு சாப்பிட்ட கையோட மோர் ஊத்திக் கொடுத்திருப்ப. அதான் வந்திருக்கு." அன்றிலிருந்து யார் வந்தாலும் இதே பேச்சு. அம்மா மீன் வாங்குவதையே எட்டு ஒன்பது வருடம் நிறுத்திவிட்டாள். தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட 'சின்ன வயதில் சாப்பாட்டில் கவனமில்லையோ' என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மகளுக்குத் தானே நோயை ஊட்டிவிட்டோம் என்று ஒரு தாய் இருபது வருடம் நம்பிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை! இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் வருவது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் செல்களைத் தாக்குகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. தொழுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அதனால் தயவுசெய்து 'வெண்குஷ்டம்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். மீனே தொடாத சைவக் குடும்பங்களிலும் இது வருகிறது. வங்காளிகள் தயிரில் மீன் சமைக்கிறார்கள், தொய் மாச் அவர்கள் விருந்துச் சாப்பாடு. பின்லாந்தில் சால்மன் மீன் சூப்பைப் பாலோ க்ரீமோ ஊற்றித்தான் செய்கிறார்கள். பாலும் மீனும் சேர்ந்தால் வருமென்றால் அங்கெல்லாம் வீட்டுக்கு வீடு வந்திருக்க வேண்டும்.

ஆயுர்வேதத்தில் மீனும் பாலும் விருத்த உணவு, அதாவது ஒன்றோடொன்று சேரக் கூடாத உணவு என்று எழுதியிருப்பதைக் காட்டி இங்கே வாதம் செய்வார்கள், அதுவும் தெரியும். அதை நம்பித் தவிர்ப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவரவர் சாப்பாடு அவரவர் விருப்பம். ஒரு பெண் குழந்தையின் தோலைக் காட்டி அவள் அம்மாவைக் குற்றவாளி ஆக்காதீர்கள், அவ்வளவுதான். மீனோ பாலோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அது வேறு விஷயம், அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

சரி, பைக்கு வருகிறேன்.

பால் திரிந்ததற்குக் காரணம் எலுமிச்சைப் புளிப்பு. புளி, வினிகர் எது போட்டுக் கழுவினாலும் இப்படித்தான். இப்போது மஞ்சளும் கல்லுப்பும் மட்டும் போட்டுக் கழுவி, மூன்று தண்ணீர் அலசி, துணியில் ஒற்றி எடுக்கிறேன். அரைக் கிலோ வஞ்சிரம் அல்லது கொடுவாவுக்கு 400 மில்லி பால், ஒரு பிரிஞ்சி இலை, பாதி வெங்காயம், பத்து மிளகு. சின்னத் தீயில் ஏழெட்டு நிமிடம், தளதளவென்று கொதிக்கக் கூடாது. மீனை எடுத்து உதிர்த்து முள் நீக்குங்கள். பாலை வடிகட்டி வையுங்கள். 40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போக வதக்கி, அந்தப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் கெட்டியாக வரும். அதில் மீன், வெந்த பட்டாணி, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், மிளகுத்தூள், கொத்தமல்லி. உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழியக் கூடாது, தொப்பென்று விழ வேண்டும்.

இனிதான் உங்கள் அடிப்பக்கப் பிரச்சினை. அன்று நான் வேறு பால் வாங்கிவந்து, நேரமாகிவிட்டதே என்று சாஸை ஆவி பறக்கப் பேஸ்ட்ரி மேல் கொட்டி ஓடிஜியில் வைத்தேன். மேலே பொன்னிறம், அடியில் பச்சை மாவு. நீங்களும் பூரணத்தைச் சூடாக வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பஃப் ஷீட்டில் மாவும் கொழுப்பும் அடுக்கடுக்காக இருக்கும். ஓவன் சூட்டில் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்க, இடையிலுள்ள கொழுப்பு அவை ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. பூரணம் சூடாக இருந்தால் ஓவனுக்குப் போகும் முன்பே கொழுப்பு உருகி மாவில் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் அது எழும்பாது.

அதனால் பூரணத்தை ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்துச் சில்லென்று ஆக்குங்கள். ஷீட்டையும் மேசை மேல் வைத்து இளக விடாமல், முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். கையில் ஒட்ட ஆரம்பித்தால் இருபது நிமிடம் உள்ளே வையுங்கள். ஓவனை 200 டிகிரியில், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் போட்டு, தட்டையும் உள்ளேயே வைத்து இருபது நிமிடம் சூடாக்குங்கள். பையை ஓவன் சூடு தாங்கும் பட்டர் பேப்பர் மேல் தயார் செய்து, பேப்பரோடு அந்தச் சூடான தட்டில் இறக்க வேண்டும். அடி ஷீட்டில் முள்கரண்டியால் குத்தி, இரண்டு கரண்டி ரஸ்க் தூள் தூவி, அதன் மேல் பூரணம். மூடி போட்டு ஓரத்தை அழுத்திவிட்டு, ஆவி போக நான்கு கீறல் போடுங்கள். அடித்த முட்டையை மேலே மட்டும் தடவுங்கள். வெட்டிய ஓரத்தில் வழிந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. முதல் இருபது நிமிடம் ஓவனின் கீழ் அடுக்கில், அப்புறம் பதினைந்து நிமிடம் நடு அடுக்கில். ஓடிஜியின் குமிழ் காட்டும் சூட்டை அப்படியே நம்பாதீர்கள். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். என் ஓடிஜி இருபது டிகிரி குறைவாகவே சூடாகிறது.

இவ்வளவு செய்தும் பயமாக இருந்தால் அடி ஷீட்டே வேண்டாம். பூரணத்தை ஓவனில் வைக்கக்கூடிய கண்ணாடிக் கிண்ணத்தில் நிரப்பி மேலே மட்டும் மூடி போடுங்கள். அப்படியும் செய்கிறார்கள், அதை அரைகுறை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மறுபடி செய்தேன். அடி மொறுமொறுவென்று வந்தது. தங்கை இரண்டு துண்டு சாப்பிட்டாள். அம்மா வெகு நேரம் தட்டைத் தொடவில்லை. தங்கை ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் அம்மா ஒரு ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டாள். இன்னும் கொஞ்சம் எடுத்தாள். நான் விட்டுவிட்ட ஒரு முள்ளை நாக்கால் தள்ளி எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, "முள்ளை இன்னும் பார்த்து எடுடி, சின்னப் பிள்ளைங்க சாப்பிடுறது" என்றாள். அதனால் உதிர்த்த மீனை விரலால் இரண்டு தடவை தடவிப் பாருங்கள்.

மீந்ததை உடனே ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், நமுத்துவிடும். ஓடிஜியில் 160 டிகிரி, நடுப்பகுதி வரை நன்றாகச் சூடேறப் பதினைந்து நிமிடமாவது ஆகும்.