மாத்திரை போட்டுவிட்டு உபவாச ஜெபத்துக்கு வரலாமா?

கேள்வி: எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் உண்டு. போன மாதம், சர்க்கரை நோய் உள்ள ஒரு அம்மா காலையில் மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்து, ஜெபத்தின் நடுவிலேயே மயங்கி விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் சபையிலேயே சுகர், பிரஷர் பார்க்க ஏற்பாடு செய்யலாமா என்று கமிட்டியில் கேட்டேன். ‘உடம்புக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, சபை ஆத்துமாவைப் பார்க்கட்டும்’ என்று சொல்லிவிட்டார்கள். நான் கேட்டது தப்பா?
– ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, தப்பே இல்லை. உங்கள் மாவட்டத்துக்காரர்களே இப்படிச் சொல்வதுதான் எனக்கு வருத்தம். உங்கள் மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம் வைத்தியப் பணியைத் தொடங்கியது 1838-ல். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல், ஊர் திரும்பும் முன் நெய்யூருக்கு வந்தார். அங்கே காத்துக் கிடந்த நோயாளிகளைப் பார்த்தவருக்கு லண்டன் வேலையில் மனம் செல்லவில்லை; நெய்யூரிலேயே வைத்தியம் பார்க்க வந்துவிட்டார்.

வேதத்திலும் இது இருக்கிறது. சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாவைக் கேட்ட எலியாவுக்குத் தூதன் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். ‘எழுந்திருந்து போஜனம்பண்ணு’ என்றான். தின்ற பிறகு மறுபடி தூங்கவும் விட்டான். ஓரேபில் கர்த்தர் எலியாவோடு பேசியது அதற்குப் பிறகுதான்.

சரி, முதலில் வெள்ளிக்கிழமையைக் கவனியுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பட்டினி கிடந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், கண் இருளும். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். போதகரே ஆராதனையில் ‘சுகர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபியுங்கள்’ என்று அறிவிக்கட்டும். அவர் வாயிலிருந்து வந்தால்தான் ‘எனக்கு விசுவாசம் குறைவோ’ என்ற கூச்சம் போகும். ஜெபம் பண்ணிவிட்டோம் என்று யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் அவரே சொல்லட்டும். லூக்காவைப் பவுல் ‘பிரியமான வைத்தியன்’ என்றுதான் எழுதினார்.

அப்புறம், பிரஷர் பார்க்கும் ஏற்பாடு. பெரிய முகாமெல்லாம் வேண்டாம். நான் அறிந்த ஒரு சபையில் மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஒரு மேஜை, ஒரு பிரஷர் மெஷின், ஒரு நோட்டு, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், அவ்வளவுதான். ஒருமுறை ஒரு பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். 180-க்கு 100 காட்டியது. ‘மாத்திரை போடலியா அண்ணாச்சி?’ என்றார் நர்ஸ். ‘அவ போனப்புறம் எடுத்துக் குடுக்க ஆள் இல்லம்மா’ என்றார் அவர். மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதமும் ஞாயிறு தவறாமல் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்தான். அன்று சாயங்காலமே நான்கு பெண்கள் அவர் வீட்டுக்குப் போய்ப் பாட்டுப் பாடி ஜெபித்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மறுநாள் யார் கூட்டிப் போவது என்றும் பேசி முடித்தார்கள். இதில் எது உடம்புக்கான ஊழியம், எது ஆத்துமாவுக்கான ஊழியம் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. கமிட்டியில் இதையே சொல்லிப் பாருங்கள்.

சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் தமிழக அரசுத் திட்டமான ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நடக்கிறது. சபையில் யார் யாருக்கு அது தேவை என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

கமிட்டி சம்மதிக்க நாளாகலாம். மயங்கி விழுந்த அந்த அம்மாவை இந்த வாரமே போய்ப் பாருங்கள். எல்லார் முன்னாலும் விழுந்துவிட்டோமே என்ற வெட்கத்தில் அவர் ஜெபத்துக்கு வராமல் இருந்துவிடக் கூடாது. அடுத்த வெள்ளி இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி, உங்கள் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.