கடான்யோவும் தோட்டத்துச் சிவப்புக் குளமும்

வணக்கம் ஐயா,

நானும் மனைவியும் அண்மையில் சுவிட்சர்லாந்து போயிருந்தோம். பியோரா பள்ளத்தாக்கில் கடான்யோ ஏரிக்குள் இளஞ்சிவப்பாக ஓர் அடுக்கு இருக்கிறது என்று படித்து, அதற்காகவே ஒரு நாளை ஒதுக்கினேன். போய்ப் பார்த்தால் நீலத் தண்ணீர், மேயும் மாடுகள், அவ்வளவுதான். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார் மனைவி. இதைப் பயணக்கட்டுரையாக எழுத ஆசை. கண்ணில் படாத ஒன்றை எப்படி எழுதுவது? ட்ரோன் வாங்கினால் உதவுமா?

வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

ட்ரோன் பேச்சை விடுங்கள், மேலேயிருந்து எடுத்தாலும் அதே நீலம்தான் வரும். நீங்கள் தேடியது ஏறக்குறைய 12 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். நம் பினாங்கு மலை ரயிலைவிடச் செங்குத்தான கேபிள் ரயிலில் ஏறி, ரித்தோம் அணையிலிருந்து நடந்து, 1921 மீட்டர் உயரத்துக்குப் போயிருக்கிறீர்கள். பக்கத்திலேயே அல்பைன் உயிரியல் ஆய்வு மையம். அங்கே ஒரு ஆளிடமாவது வாய் திறந்து கேட்டீர்களா? ஆனால் பாலாடைக்கட்டிக் கடையைப் பற்றி மட்டும் உங்கள் கடிதத்தில் ஒரு பக்கம் (அதை இங்கே வெட்டிவிட்டேன்). அந்த ஆழத்துத் தண்ணீரை மொண்டெடுத்தால் போத்தலிலேயே நிறம் தெரியும், அழுகிய முட்டை நாற்றமும் வரும்.

அந்த நாற்றம் எனக்குப் பழக்கம். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். ஆலைக்குப் பின்னால் கழிவுக் குளங்கள் வரிசையாக இருக்கும், ஒன்று கறுப்பு, அடுத்தது பீட்ரூட் கழுவிய தண்ணீர் நிறம். மத்தியானக் காற்று திரும்பினால் சோற்றுத்தட்டோடு உள்ளே ஓடுவோம். அம்மாவின் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போகும், புளி போட்டுத் தேய்த்தால் ஒரு வாரம் தாங்கும், அப்புறம் பழையபடி கறுப்பு. சிவப்புக் குளத்தில் முனி குளிக்கிறது என்பார் பாட்டி. நாற்றத்துக்காக எல்லாரும் திட்டுவதும் அந்தச் சிவப்புக் குளத்தைத்தான்.

அந்தத் திட்டு அநியாயம் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் யாரும் கேட்பதில்லை, நீங்களாவது கேளுங்கள். ஆலையில் ரப்பர் பாலைப் பிரித்த பிறகு மிஞ்சும் நீர்த்த பாலை உறைய வைக்கக் கந்தக அமிலம் ஊற்றுவார்கள். அதிலுள்ள சல்பேட்டை, காற்றுப்படாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். நாற்றமும் அதுதான், கொலுசைக் கறுக்க வைத்ததும் அதுதான். வெளிச்சமும் அந்த வாயுவும் ஒன்றாகக் கிடைக்கிற இடத்தில் ஊதா நிறக் கந்தக பாக்டீரியா பெருகும், தண்ணீர் சிவக்கும். அது அந்த வாயுவைத்தான் தின்னும். ஆக, நாறியது கறுப்புக் குளம். சிவந்த குளம் நாற்றத்தைத் தின்றுகொண்டிருந்தது, பழி மட்டும் அதன் தலையில்!

கடான்யோவில் அமிலம் ஊற்ற ஆள் வேண்டாம். சல்பேட் அடங்கிய ஜிப்சப் பாறையும் டோலமைட் பாறையும் கரைந்த கனமான ஊற்றுநீர் அடியில் சேருகிறது, லேசான நன்னீர் மேலே நிற்கிறது, இரண்டும் கலப்பதில்லை. 21 மீட்டர் ஆழமுள்ள ஏரியில் கீழ்ப்பாதி பிராணவாயு இல்லாத விஷத்தண்ணீர், மேல்பாதியில் மீன். நடுவில் அதே வகைப் பாக்டீரியா சேர்ந்த உங்கள் இளஞ்சிவப்பு அடுக்கு, கீழேயிருந்து வரும் சல்பைடைத் தின்று மேலே போகவிடாமல் வைத்திருக்கிறது. அங்குள்ள குரோமேஷியம் ஒகெனி என்ற பாக்டீரியா வெளிச்சம் தேடி மேலே நீந்தும், தண்ணீரைவிடக் கனமானதால் கூட்டமாகச் சேர்ந்ததும் கீழே சரியும், மறுபடி ஏறும். அப்படி ஏறி இறங்கியே தண்ணீரைக் கலக்குகிறது என்று 2017இல் ஆய்வு வெளியானது. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜந்து ஏரியைக் கலக்குகிறது தம்பி! பிராணவாயு குறைவாக இருந்த ஆதிகாலக் கடல் எப்படி இருந்திருக்கும் என்று அறிய விஞ்ஞானிகள் அங்கே போகிறார்கள். நீங்கள் மாட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறீர்கள்.

சுவிஸ்தான் வேண்டும் என்றும் இல்லை. பினாங்கு தேசியப் பூங்காவில், பந்தாய் கெராச்சுட் கடற்கரையை ஒட்டி, மேலே நன்னீரும் கீழே உப்புநீருமாகக் கலக்காமல் நிற்கும் ஓர் ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் வாருங்கள், வறண்டிருக்கும்போது வந்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம். தெலுக் பஹாங்கிலிருந்து காட்டுவழி நடக்கலாம், உங்கள் மனைவிக்கு முடியாவிட்டால் படகு இருக்கிறது.

ஆமாம், எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பிறகு எழுதுங்கள். மனைவி சொன்ன அந்த ஒரு வரி நன்றாக இருக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம். பாலாடைக்கட்டிக்கு ஒரு பத்தி போதும்.