துப்பாக்கி உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா?

துப்பாக்கி சுடும் விளையாட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. கிளப் ரைஃபிளில் சுட்டுவிட்டு வந்தால் பிடரியும் இடது தோளும் வலிக்கிறது என்கிறாள். ‘போகப் போகப் பழகிவிடும்’ என்கிறார்கள். சொந்தமாக ரைஃபிள் வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா? – திருச்சி வாசகி

பதில்: முதல் சில வாரங்களில் உடம்பு முழுக்க வலிப்பது இயல்பு. நான்காவது மாதத்திலும் அதே இரண்டு இடங்களில் வலிக்கிறது என்றால், ரைஃபிள் அவள் அளவுக்கு வைக்கப்படவில்லை என்று பொருள். புதிது வாங்கினாலும், அளவு வைக்காமல் சுட்டால் இதே வலிதான் வரும். கிளப் ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றில் பட் பிளேட் (தோளில் ஊன்றும் பின்தகடு), சீக் பீஸ் (கன்னம் வைக்கும் மேடு), ட்ரிகர் (விசை) எல்லாமே நகரும். முந்தைய பயிற்சி நேரத்தில் யாரோ வளர்ந்த பையன் வைத்த அளவிலேயே உங்கள் மகள் சுட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

அளவு பார்க்கும்போது சேஃப்டி ஃபிளாக் (குண்டு இல்லை என்று காட்டும் நிறக் கம்பி) பேரலில், அதாவது குழலில், இருக்க வேண்டும். ஜாக்கெட், பேன்ட், ஷூ, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டே பாருங்கள். டி-ஷர்ட்டோடு வைத்த அளவு ஜாக்கெட் போட்டதும் செல்லாது.

பிடரி வலிக்குக் காரணம் பட் பிளேட்டின் உயரமாக இருக்கும். நின்று சுடும்போது கண் தோளைவிட மிகவும் மேலே இருக்கிறது. அதற்கேற்றபடி பட் பிளேட்டைக் கீழே இறக்கினால்தான் ரைஃபிள் முகத்துக்கு ஏறி வரும். இறக்காவிட்டால் முகம் ரைஃபிளைத் தேடி இறங்கும், கழுத்து மடங்கும். 60 குண்டும் முடியும்வரை மடங்கிய கழுத்தோடு நிற்பதால்தான் பிடரி பிடித்துக்கொள்கிறது. எனவே, தலை நேராக இருக்கும்படி அவளை முதலில் வெறுங்கையோடு நிற்கச் சொல்லுங்கள். பிறகு ரைஃபிளைக் கொடுத்து, தலை அசையாமல் இருக்க, சைட் (குறிபார்க்கும் கருவி) கண்ணுக்கு நேராக வரும்வரை பட் பிளேட்டை இறக்குங்கள்.

அடுத்தது நீளம். பட் பிளேட்டை முழங்கை மடிப்பில் வைத்து விரல் ட்ரிகரைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். அது தொடக்கத்துக்கு மட்டும் உதவும் கணக்கு. நீளம் அதிகமானால் தலை முன்னால் நீளும், ரைஃபிள் உடம்பைவிட்டு விலகும். குறைந்தால் வலது மணிக்கட்டு மடங்கும், கண் இமை பீப் சைட்டை (துளை உள்ள பின் சைட்டை) உரசும். கண்ணுக்கும் பின் சைட்டுக்கும் இடையில் 5 முதல் 8 செ.மீ. இருந்தால் நல்லது.

சீக் பீஸை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். கண்ணை மூடி, தலையின் கனம் முழுவதையும் அதன்மேல் விட்டுவிட்டு, பிறகு கண் திறக்கச் சொல்லுங்கள். முன் சைட் பீப் துளையின் நடுவில் தெரிய வேண்டும். கீழ்ப்பக்கம் இறங்கித் தெரிந்தால் சீக் பீஸ் தாழ்வு, ஏற்றுங்கள். மேல்பக்கம் தெரிந்தால் உயரம் அதிகம். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் சீக் பீஸ் வெளியே தள்ளி நிற்கிறது, உள்ளே நகர்த்துங்கள்.

இடது தோள் வலிக்குக் காரணம் வேறு. வளர்ந்தவர்களுக்கான ரைஃபிள் பெரும்பாலும் நாலு கிலோவுக்கு மேலேயே இருக்கும், விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது. அந்த எடையை எலும்பு தாங்க வேண்டும்: இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், மேற்கை விலாவில் சாய வேண்டும். முழங்கை இடுப்பை எட்டாமல் அந்தரத்தில் நின்றால் தோள் தசை அத்தனையையும் தூக்கிக்கொண்டு நிற்கும். ரைஃபிளின் அடியில், கை தாங்கும் இடத்தில், ஒரு ரைசர் கட்டை பொருத்தினால் கை தாழ்ந்து முழங்கை இடுப்புக்கு இறங்கிவிடும். பேரல் முனையில் எடைக்கட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். இந்த வயதில் அது வேண்டாம்.

ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், அதுவும் 2 மி.மீ. அளவில். முந்தைய இடத்தில் பென்சில் கோடு போட்டு, அளவை நோட்டில் எழுதி வையுங்கள். இருபது குண்டாவது சுட்டுப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். நான்கு திருகையும் ஒரே நாளில் திருப்பினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வளரும் பிள்ளை என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் வாங்குங்கள். அப்போது உங்கள் கையில் அவளுடைய அளவுகள் இருக்கும். எந்த ஸ்டாக் (ரைஃபிளின் உடற்கட்டை) அந்த அளவுவரை சுருங்கும் என்று கேட்டு வாங்கலாம்.

கேள்வி: பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன், வலது கை. குண்டுகள் இடப்பக்கம் கீழேயே விழுகின்றன. சைட்டைத் திருகித் திருகி அலுத்துவிட்டது. – மதுரை வாசகர்

பதில்: சைட்டை விட்டுவிட்டு கிரிப்பை (கைப்பிடியை) பாருங்கள். கிரிப் உங்கள் கைக்குப் பெரிதானால் ஆட்காட்டி விரலின் நுனி மட்டுமே ட்ரிகரை எட்டும். நுனியால் அழுத்தும்போது விசை நேராகப் பின்னால் வராமல் பக்கவாட்டில் தள்ளும், முனை இடப்பக்கம் போகும். அந்த விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி ட்ரிகரில் உட்கார வேண்டும், விரலின் மற்ற பகுதி கிரிப்பைத் தொடாமல் இருக்க வேண்டும். முதலில் ட்ரிகரைப் பின்னால் நகர்த்திப் பாருங்கள். போதவில்லை என்றால் ஓர் அளவு சிறிய கிரிப் மாற்ற வேண்டும். ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆகவே அதை இலகுவாக்கித் தப்பிக்க வழியில்லை. விரல் எட்டியபின்னும் குண்டு அங்கேயே விழுந்தால், ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறீர்கள். அதற்குக் குண்டில்லாமல் சுடும் பயிற்சிதான் மருந்து.

பொருத்தம் பார்க்க எளிய வழி: கண்ணை மூடிக் கையை உயர்த்தி, நின்றதும் கண் திறங்கள். முன் சைட் பத்து முறையும் ஒரே பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் கிரிப்பின் கோணம் சரியில்லை. முறைக்கு முறை இடம் மாறினால் நீங்கள் பிடிக்கும் விதம்தான் மாறுகிறது. கிரிப்பைத் தேய்ப்பதற்கு முன் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கையில் சாக்பவுடர் தடவிப் பிடித்துப் பார்த்தால் ஒட்டிய இடமும் ஒட்டாத இடமும் தெரியும். பள்ளத்தை மரப் புட்டி வைத்து நிரப்பி, நன்றாகக் காய்ந்தபின் உப்புத்தாளால் தேயுங்கள். உள்ளங்கை அடியில் வரும் தாங்கியைக் கையை நெரிக்கும்படி ஏற்றாதீர்கள். நெரித்தால் சில நிமிடங்களில் விரல் மரத்து, கை நடுங்கத் தொடங்கும். கிரிப் எந்த இடத்திலும் கையைச் சுற்றி வளைக்கக் கூடாது என்ற விதியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு முன் நடக்கும் சோதனையில் இது பிடிபடும்.

கேள்வி: பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் (பறக்கும் தட்டுகளைச் சுடும் போட்டி) சுட்டதைப் பார்த்து ஆசை வந்தது. தாத்தாவின் 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கி உரிமத்தோடு என் பெயருக்கு மாறியிருக்கிறது. அதில் பயில்கிறேன். கன்னம் கன்றிப்போகிறது, நடுவிரல் வீங்குகிறது, தட்டுகளுக்குக் கீழேயே குண்டு போகிறது என்கிறார்கள். – புதுக்கோட்டை வாசகர்

பதில்: சுடுவதை உடனே நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் பேரலையும் பூட்டையும் காட்டுங்கள். பழைய பேரல் இன்றைய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்குமா என்பது பொருத்தத்துக்கு முந்தைய கேள்வி.

தாங்கும் என்று சொன்னால், நீங்கள் சொன்ன மூன்று குறைகளையும் பார்ப்போம். தாத்தாவின் துப்பாக்கி வேட்டைக்குச் செய்தது, கன்னம் வைக்கும் மேடு தாழ்வாக இருக்கும். மேடு தாழ்ந்தால் கண் தாழும், கண் தாழ்ந்தால் குண்டு கீழே போகும். ட்ராப் தட்டோ மேலேறிப் பறப்பது. கணக்கு இது: மேட்டை ஒன்றரை மி.மீ. உயர்த்தினால் சுமார் 14.5 மீட்டர் தூரத்தில் குண்டு விழும் இடம் இரண்டரை செ.மீ. ஏறும். பெரிய காகிதத்தில் புள்ளி வைத்து, அந்தத் தூரத்திலிருந்து நிதானமாக ஐந்தாறு தோட்டா சுட்டு, விழுந்த கூட்டத்தின் நடுவை அளந்து பாருங்கள். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும். முதலில் மேட்டின்மேல் தோல் பட்டைகளை அடுக்கி டேப் ஒட்டிச் சரிபாருங்கள். சரியான உயரம் தெரிந்தபிறகு மரவேலை செய்யலாம்.

கன்னம் கன்றுவதற்கும் அந்தத் தாழ்வே காரணமாக இருக்கலாம். கன்னம் மேட்டில் அழுந்தாமல் மிதந்தால், பின்னுதைப்பில் மரம் வந்து முகத்தில் மோதும். நடுவிரல் வீக்கம் ஸ்டாக் நீளம் குறைவு என்பதன் அறிகுறி: ட்ரிகர் காப்பு பின்னால் வந்து விரலில் இடிக்கிறது. துப்பாக்கியைத் தோளில் ஏற்றியபின் மூக்குக்கும் பெருவிரல் கணுவுக்கும் இடையில் இரண்டு விரற்கடை இடைவெளி வேண்டும். உங்களுக்கு அதைவிடக் குறைவாக இருந்தால் பின்புறம் ரப்பர் பேட் வைத்து நீட்டுங்கள். மாறாக, ஏற்றும்போது பட் (ஸ்டாக்கின் பின்முனை) கக்கத்தில் சிக்கினால் நீளம் அதிகம், அப்போதுதான் வெட்ட வேண்டும். பட்டின் கீழ்முனை மட்டும் மார்பில் குத்துகிறது என்றால் அதன் சாய்வைத் திருத்த வேண்டும். பெண்களுக்கு இது அடிக்கடி நேரும்.

ட்ராப் போட்டியில் தோட்டாவில் 24 கிராம் ஈயத்துக்கு மேல் கூடாது. வேட்டைத் தோட்டாவின் பாரம் கூடுதல், உதையும் கூடுதல். அதைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியின் பொருத்தத்தைக் குறை சொல்ல முடியாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மரவேலைக்காகத் தச்சரிடம் போவதென்றால் கழற்றிய மரக்கட்டையை மட்டும் கொடுங்கள். துப்பாக்கியை முழுதாக விட்டுவிட்டு வருவது ஆயுதச் சட்டப்படி உங்களையும் அவரையும் சிக்கலில் மாட்டிவிடும்.

கேள்வி: வலக்கைப் பழக்கம், ஆனால் இடது கண்தான் ஓங்கிய கண் (குறிபார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண்). ரைஃபிளை இடது தோளுக்கு மாற்ற வேண்டுமா? – கடலூர் வாசகர்

பதில்: புதிதாகத் தொடங்குபவர் என்றால் மாற்றுவதே நல்லது. சில வாரம் சங்கடமாக இருக்கும், அவ்வளவுதான். இடக்கை சீக் பீஸும் கிரிப்பும் உள்ள ரைஃபிள் கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வலக்கை ஸ்டாக்கை இடது தோளில் வைத்துப் பழகுவது வீண். பல ஆண்டு சுட்டவர் என்றால் மாற்றத் தேவையில்லை. இடது கண்ணுக்கு முன் மறைப்பு வைத்தால் போதும். ஆனால் கறுப்புத் துணியால் மறைக்காதீர்கள். ஒரு கண் இருட்டில் இருந்தால் இரண்டு கண்ணின் பாவையும் சேர்ந்து விரியும், சுடும் கண்ணில் முன் சைட் மங்கும். வெளிச்சம் ஊடுருவும் பால்வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு போதும்.