பரீட்சை பயமும் ஆன்லைன் வகுப்பும்: கணக்கு டீச்சர் பதில்கள்

செல்லூர், ஓர் அம்மா: பத்தாவது படிக்கும் மகள் தினமும் ஆன்லைனில் கணக்கு வகுப்பு பார்க்கிறாள். புரிகிறது என்கிறாள். திருப்புதல் தேர்வில் மார்க் வரவில்லை. இப்போது பரீட்சை என்றாலே அழுகிறாள்.

புரிகிறது என்று அவள் சொல்வது பொய் இல்லை, அம்மா. திரையில் ஒருவர் போட்டுக்காட்டும்போது எல்லாருக்கும் புரியும். போனை மூடிவிட்டு, தேல்ஸ் தேற்றத்தை வெள்ளைத்தாளில் எழுதச் சொல்லுங்கள். படம் வரும், இணைகோடு வரும், முக்கோணங்கள் வடிவொத்தவை என்பதுகூட வரும். முழுப் பக்கத்தை இரண்டு துண்டின் கூட்டலாகப் பிரித்து எழுதும் இடத்தில் பேனா நிற்கும். அந்த ஓட்டை பரீட்சை ஹாலில் முதல்முறையாகத் தெரிந்தால் அழுகை வராமல் என்ன செய்யும்? வீட்டிலேயே தெரியட்டும்.

2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. வகுப்பு இருபது நிமிடம் என்றால் எழுதுவது நாற்பது நிமிடம். இரவு போன் அவள் பக்கத்தில் வேண்டாம்.

உசிலம்பட்டி, மாணவன்: ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தால் சிலபஸ் முடிந்துவிடுமா டீச்சர்?

மேலே சொன்னதுதான் தம்பி. எழுதிப் பார்.

மேலூர், ஓர் அப்பா: பையன் 12 மணி வரை வகுப்பு பார்க்கிறான். 4 மணிக்கு எழுப்பிவிடுகிறேன். நாங்களெல்லாம் அப்படித்தான் படித்தோம்.

நீங்கள் அப்போது எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், அண்ணே? 13 முதல் 18 வயதுவரை 8 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். படித்தது மனசில் படிவதே தூக்கத்தில்தான். 4 மணி நேரம் தூங்கிய பிள்ளைக்குத் தெரிந்த கணக்கும் தப்பும்.

ஒத்தக்கடை, ஓர் அண்ணன்: மேலூர்க்காரர் சொல்வது சரி. எங்கள் தெருவில் விடியற்காலையில்தான் சத்தம் இல்லை.

நியாயம். அப்படியானால் 9 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழட்டும். விடுமுறை நாளில் மதுரை புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அனுப்புங்கள்.

மேலூர், அதே அப்பா: மற்ற பிள்ளைகள் படிக்கும்போது இவன் தூங்கினால் பின்தங்க மாட்டானா?

மாட்டான். 9 மணிக்குப் போனை வாங்கி உங்கள் தலைமாட்டில் வையுங்கள். ஒரு வாரம் செய்துவிட்டு வந்து சண்டை போடுங்கள், பேசலாம்.

வாடிப்பட்டி, ஓர் அக்கா: "ஃபெயிலானா செத்துருவேன்" என்கிறான் தம்பி. விளையாட்டுக்குச் சொல்கிறானா?

விளையாட்டு என்று விட்டுவிடாதேம்மா. இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதே. அம்மா அப்பாவிடம் சொல்லி, உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்: இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். தேறாத பாடத்துக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு, படிப்பு நிற்காது என்பதையும் அவன் காதில் போடு.

திருப்பரங்குன்றம், மாணவி: கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது. இன்னும் நிறைய வீடியோ பார்க்கட்டுமா?

வேண்டாம் கண்ணு. பொதுத்தேர்வில் முதல் 10 நிமிடம் கேள்வித்தாளை வாசிக்கத்தான் தருகிறார்கள். தெரிந்த கேள்விகளை அதற்குள் பார்த்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஆரம்பி. பழைய வினாத்தாளை வைத்து வீட்டில் இப்படியே பழகு, கடிகாரம் எதிரில் இருக்கட்டும், போன் அடுத்த அறையில்.