மைதானத்து ஓரம்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர், நாகர்கோவிலில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: என் மகன் குடும்பத்தோடு டொரொன்டோ பக்கம் இருக்கிறான். 11 வயதுப் பேரன் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். டிரெஸ்ஸிங் ரூமில் கூட ஆடும் பையன்கள் அவன் நிறத்தைச் சொல்லியும், பையில் கறி வாசனை அடிக்கிறது என்றும் கேலி செய்கிறார்களாம். போனில் என்னிடம் மட்டும்தான் சொன்னான். ‘கண்டுக்காம ஆடட்டும், புகார் சொன்னால் டீமில் ஒதுக்கிவிடுவார்கள்’ என்கிறான் மகன். பயிற்சியாளரிடம் போகவேண்டும் என்கிறாள் மருமகள். யார் சொல்வது சரி?
— பெயர் வேண்டாம், கருங்கல்

பதில்: மருமகள் சொல்வதுதான் சரி, அம்மா. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் மகன் சொல்வதை ஒரு காலத்தில் நானே ஒரு பையனிடம் சொல்லியிருக்கிறேன்.

குளச்சல் பக்கத்துப் பையன். அப்பா ஹார்பரில் ஐஸ் ஏற்றும் வேலை. இடது காலால் அவன் அடிக்கும் பந்தைத் தடுக்க எங்கள் பள்ளியில் ஆள் கிடையாது. மற்ற பையன்கள் ‘மீன் நாற்றம்’ என்று மூக்கைப் பொத்துவார்கள். எல்லாரும் அறைக்குள் பையை வைப்பார்கள். அவன் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் வைப்பான். தினமும் அதைப் பார்த்தேன். ஒருநாள் அவனே வந்து சொன்னபோது, ‘அதையெல்லாம் விடுடே, ஆட்டத்தைக் கவனி’ என்றேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் வரவில்லை. நல்ல புத்தி சொன்னதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன். அந்தப் பையன் கேட்டது புத்தி இல்லை, பக்கத்தில் நிற்க ஒரு ஆள் என்பது புரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

ஐஸ் ஹாக்கியிலும் இந்த வாய்மூடல்தான் பழைய நோய். டிரெஸ்ஸிங் ரூம் பேச்சு வெளியே போகக்கூடாது, வலித்தாலும் காட்டக்கூடாது என்று சின்ன வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். நைஜீரியாவில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர் அகிம் அலியு. 20 வயதில் அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்தபோது, அவர் போட்ட பாட்டைக் கேட்ட பயிற்சியாளர், கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல்லை டிரெஸ்ஸிங் ரூமிலேயே சொன்னார். அலியு அதை ஊரறியச் சொன்னது பத்து வருஷம் கழித்து, 2019 நவம்பரில். அதற்குள் அந்தப் பயிற்சியாளர் என்.எச்.எல். என்னும் பெரிய லீகில், கனடாவின் கால்கரி அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆகியிருந்தார். விஷயம் வெளிவந்த சில நாட்களில் அவர் பதவி விலகினார். சரி, அலியுவுக்குப் போன பத்து வருஷம்?

இன்னும் பின்னால் போனால் வில்லி ஓ’ரீ. 1958 ஜனவரி 18 அன்று மான்ட்ரியாலில் பாஸ்டன் அணிக்காக இறங்கினார். என்.எச்.எல். ஆட்டத்தில் ஆடிய முதல் கறுப்பர் அவர்தான். பக் என்னும் ஆட்ட வட்டு பட்டு வலது கண்ணில் பார்வை போயிருந்தது. அதையும் மறைத்துக்கொண்டுதான் ஆடினார். பார்வையாளர் பக்கமிருந்தும் எதிரணியிடமிருந்தும் அவர் கேட்ட வசவுகள் கொஞ்சமல்ல. அடுத்த கறுப்பர் அந்த லீகுக்குள் வர 1974 ஆனது. பதினாறு வருஷம், அம்மா! ஓ’ரீ அணிந்த 22-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று பாஸ்டன் அணி 2022-இல் கௌரவித்தது. அப்போது அவருக்கு 86 வயது.

இப்போது செய்ய வேண்டியது. பேரன் சொன்னதைத் தேதி போட்டு, அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பயிற்சியாளரிடம் வாயால் சொன்னால் போதாது, மெயிலும் அனுப்பவேண்டும். உடை மாற்றும் நேரத்தில் பெரியவர்கள் அங்கே இருக்கவேண்டும் என்று கேளுங்கள். இனத்தையும் நிறத்தையும் சொல்லி இழிவுபடுத்தினால் தண்டிக்க, அந்த நாட்டில் இந்த ஆட்டத்தை நடத்தும் ஹாக்கி கனடா அமைப்பின் விதிப்புத்தகத்திலேயே இடம் இருக்கிறது. ஆகவே இது சலுகை கேட்பது இல்லை. டீம் கைவிட்டுப் போகுமே என்ற உங்கள் மகனின் பயமும் எனக்குப் புரிகிறது. ஸ்கேட், ஹெல்மெட், மட்டை, ஆடும் ஐஸ் தளத்துக்குக் கட்டணம் என்று அந்த விளையாட்டு தின்கிற பணம் சாதாரணம் இல்லை. ஆனாலும் பையன் தன் பையை வெளியே வைக்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பேரனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கனடாவில் ஹாக்கிக்குப் பஞ்சாபியில் நேர்முக வர்ணனை 2008-லேயே வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1989-இலேயே ராபின் பாவா என்ற பஞ்சாபிக் குடும்பத்துப் பையன் என்.எச்.எல்.லில் ஆடிவிட்டார். உங்கள் பேரன் புதுசாக வந்து நுழைந்த ஆள் இல்லை.

கேள்வி: ஐஸ் ஹாக்கியில் அடிக்கும் வட்டு ரப்பர்தானா?
— ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்

பதில்: ரப்பரேதான். வல்கனைஸ் செய்து கெட்டியாக்கியது. 3 அங்குல அகலம், ஒரு அங்குல கனம், எடை ஏறக்குறைய 170 கிராம். ரப்பர் என்றால் துள்ளுமே என்பீர்கள். அதனால்தான் ஆட்டத்துக்கு முன்னால் உறைய வைத்துவிடுகிறார்கள். அப்புறம் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும். விடியும் முன்னே நெற்றி விளக்கோடு மரத்தடியில் நிற்கும் உங்களுக்கு இதைத் தெரிந்துகொள்ள முழு உரிமை உண்டு.

கேள்வி: நான் கால்பந்து ஆடுகிறேன். எங்கள் ஊர் மைதானத்தில் சாயங்காலம் முழுக்கப் பையன்கள்தான். இந்தியாவில் பெண்கள் ஐஸ் ஹாக்கிகூட ஆடுகிறார்களாமே, உண்மையா?
— பிளஸ் ஒன் மாணவி, தூத்தூர்

பதில்: உண்மைதான் மக்களே. பெரும்பாலும் லடாக் பெண்கள். குளிர்காலத்தில் குளம் உறையும் சில வாரங்கள்தான் அவர்களுக்கு மைதானம். அந்தக் கொஞ்ச நாளிலும் பையன்கள் ஆடி முடித்த பிறகு மிஞ்சிய நேரத்தில், இரவல் ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு பழகியவர்கள் அவர்களில் உண்டு. 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். சர்வதேசப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணிக்கு அதுதான் முதல் வெற்றி. 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். ஒலிம்பிக்கில் ஆண்கள் ஐஸ் ஹாக்கி 1920-இலேயே வந்துவிட்டது. பெண்களுக்கு 1998 வரை இடமில்லை. மைதானத்தில் பெண்களுக்கு நேரம் கிடைக்காதது உங்கள் ஊரில் மட்டும் நடப்பது இல்லை.

பந்து ஆடுகிற நாலைந்து பேர் சேர்ந்து ஊர்க் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ‘எங்களுக்கும் கொஞ்சம் நேரம்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். செவ்வாய், வெள்ளி, மாலை நாலரை முதல் ஆறு மணி என்று எழுதுங்கள். ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள். கமிட்டி கூடும் நாளைச் சொன்னால் நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்து நானும் வருகிறேன்.